முதலில் யாருடையது என்று கேட்காதீர்கள்

எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஆண்ட்டி ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் போவார். புனித அன்னம்மாள் திருவிழா. நாங்கள் இந்துக்கள், ஆனால் அம்மா ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி அவரிடம் கொடுத்தனுப்புவார். அந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கோவிட்டுக்கு முன்பு ஆண்ட்டி ஒரு யாத்திரைக் குழுவோடு ஜெருசலேம் போய்வந்தார். நம் பாஸ்போர்ட் இஸ்ரேலுக்குச் செல்லாது; கிறிஸ்தவ யாத்திரிகர்களுக்கு மட்டும் அரசாங்கம் நிபந்தனைகளோடு தனி அனுமதி தருகிறது. அப்படிப் போனவர் அங்கே இருக்கும் புனித அன்னம்மாள் தேவாலயத்தில் எடுத்த ஒரு சின்ன வீடியோவைக் கொண்டுவந்தார். இருபது பேர் நின்று தமிழில் பாடுகிறார்கள். அவ்வளவு நல்ல குரல்கள் இல்லை. ஆனால் பாட்டு நின்ற பிறகும் கட்டடம் பாடிக்கொண்டே இருக்கிறது. வெறும் கல்சுவர், கல் வளைகூரை, ஒலியை உறிஞ்ச துணி இல்லை, மரமில்லை. நான் பொறியியல் படித்தவன் என்பதால் காரணம் தெரியும். தெரிந்தும் புல்லரித்தது.

சென்ற மாதம் அந்த வீடியோவை எங்கள் வாசகர் குழுவின் வாட்சப்பில் போட்டேன். அங்கிருந்துதான் வினை.

முதல் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது: 'சலாவுதீன் பறித்த கோயில், பிறகு உரியவர்களிடமே திரும்பிவிட்டது.' அடுத்தது இன்னொருவர்: 'உரியவர்களா? சிலுவைப்போர்க்காரர்கள் யாருடைய ஊருக்குள் நுழைந்து கட்டினார்கள்?' மூன்றாவது நண்பர், கவிதை எழுதுகிறவர், கைகூப்பும் படத்தோடு 'கற்கள் பேசும் சமய நல்லிணக்கம்' என்று போட்டு விவாதத்தை முடித்துவைக்கப் பார்த்தார். மூவருமே நல்ல வாசகர்கள். மூவரும் இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பேசினார்கள். இந்தக் கட்டுரை அவர்களோடு நான் போட விரும்பும் சண்டை. வாட்சப்பில் போட்டால் அட்மின் நீக்கிவிடுவார்.

'முதலில் யாருடையது' என்ற கேள்வியை அந்த இடத்தில் வைத்தே சோதித்துப் பார்ப்போம். பழைய ஜெருசலேம் நகரின் சிங்க வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் சற்று தூரத்தில் வலதுபக்கம் இந்தத் தேவாலயம். இப்போது நிற்பது 12ஆம் நூற்றாண்டில், 1130களில் கட்டியது. சிலுவைப்போர்ப் படை நகரைப் பிடித்தது 1099இல். சரி, அப்படியானால் அவர்களுடையது. ஆனால் அந்த வளாகத்தில் அதற்கு முன்பே பைசாந்தியத் தேவாலயம் இருந்தது, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்படியானால் கிரேக்கக் கிறிஸ்தவர்களுடையது. அதையும் தோண்டினால் ரோமர் காலத்தில் நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் வழிபாட்டிடம். அதற்கும் முன்னால் யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதா குளம், யூதர்களின் இரண்டாம் கோயில் காலத்தது. இன்றைக்குப் போனால் தேவாலயத்தை ஒட்டிய பள்ளத்தில் இவை எல்லாவற்றின் சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் பார்க்கலாம். எது எந்தக் காலத்துச் சுவர் என்று சொல்ல ஆராய்ச்சியாளருக்கே வரைபடம் வேண்டும். 'முதலில்' என்ற சொல் இங்கே கிணற்றில் போட்ட கல். விழுந்த சத்தம் மேலே வராது.

சரி, இடத்தை விடுங்கள், கட்டடத்தை மட்டும் பாருங்கள் என்பீர்கள். பார்ப்போம். தேவாலயம் எழும்புவதற்கு முன்பே அங்கே ஒரு கன்னியர் மடம் இருந்தது. ஜெருசலேமின் முதலாம் பால்ட்வின் அரசன் தன் ஆர்மீனிய மனைவி ஆர்தாவைக் கழற்றிவிட நினைத்தபோது அவளைக் கொண்டுபோய் அடைத்தது இந்த மடத்தில்தான். அரசிக்குச் சிறை. அவன் பிறகு பணக்கார சிசிலி விதவை ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். பின்னர் மெலிசாந்து அரசியின் தங்கை யுவெத் துறவியானதும் இதே மடத்தில். அந்தக் காலத்தில்தான் இப்போதைய தேவாலயம் எழுந்தது. அதுவும் ஒரே மூச்சில் இல்லை. கட்டி முடித்துச் சில காலத்திலேயே இடம் போதாமல் மேற்கு முகப்பைச் சில மீட்டர் முன்னால் தள்ளிக் கட்டினார்கள். ஆக, 'அசல்' சிலுவைப்போர்த் தேவாலயத்துக்கே ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு. நம் தாமான் டெரஸ் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தை மூடி ஹால் ஆக்குவது மாதிரி. தூண்களும் ஜன்னல்களும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாகப் பொருந்துவதில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்ததே அந்தப் பொருந்தாமைதான்.

1187 அக்டோபரில் சலாவுதீன் நகரைப் பிடித்தார். கன்னியர்கள் போனார்கள். 1192இல் தேவாலயம் மதரஸா ஆனது. இதைப் 'பறித்தது' என்று சொல்கிற முதல் நண்பரோடு எனக்கு அந்தச் சொல்லில் தகராறு இல்லை. போரில் தோற்றவர்களின் இடத்தை வென்றவர் எடுத்துக்கொண்டார். அதைப் பறித்தல் என்றுதான் சொல்ல வேண்டும். 1099இல் நடந்ததையும், அந்த நாளில் நகரில் ஓடிய ரத்தத்தையும் சேர்த்து அதே சொல்லால் சொல்வதாக இருந்தால் சரி.

என் தகராறு அதற்கு அடுத்த படியில். பறிக்கப்பட்டதால் கட்டடம் என்ன ஆனது? இடிந்ததா? இல்லை. பிழைத்தது. பள்ளிக்கு என்று சலாவுதீன் வக்ஃபு ஏற்படுத்தினார். அதாவது சில சொத்துக்களின் வருமானம் இதற்கே என்று எழுதிவைப்பது. வருமானம் வந்தால் ஆசிரியருக்குச் சம்பளம், மாணவருக்குச் சோறு, கூரைக்குச் சுண்ணாம்பு. ஷாஃபி சட்டப் பள்ளி அது. நம் நாட்டு முஸ்லிம்களும், தமிழ்நாட்டுக் கடற்கரை முஸ்லிம்கள் பலரும் பின்பற்றும் அதே மத்ஹபு. பல தலைமுறைகள் அந்த வளைகூரைக்குக் கீழே உட்கார்ந்து சட்டம் படித்தார்கள். அந்தப் பள்ளியின் தலைமைப் பதவி நகரத்தில் பெரிய மரியாதைக்குரிய ஒன்றாக இருந்தது.

சைட்டில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். கல் கட்டடத்தைக் கொல்வது பெரும்பாலும் பூகம்பம் இல்லை, தண்ணீர். கூரையில் ஒரு இடத்தில் நீர் தேங்கும். காற்றில் வந்த விதை இடுக்கில் முளைக்கும். வேர் உள்ளே போகும், சுண்ணாம்புச் சாந்து கரையும். வளைகூரை என்பது எப்போதும் சுவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள். சாந்து போனால் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கும், ஒருநாள் நடுக்கல் நழுவும். இதைத் தடுக்க மேதை வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை கூரைமேல் ஏறிச் செடி பிடுங்க ஒரு ஆள் போதும். ஆனால் அந்த ஆளை அனுப்ப, கீழே யாராவது அந்தக் கட்டடத்தை உபயோகித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் சிலுவை போடுகிறாரா, தெற்கு பார்த்துத் தொழுகிறாரா என்று செடிக்குத் தெரியாது.

மாற்றப்படாத தேவாலயங்கள் என்ன ஆயின என்று ஒரு எட்டு பார்த்துவிடலாம். அக்ரே நகரம் சிலுவைப்போர் அரசின் கடைசித் துறைமுகம். 1291இல் மம்லூக் சுல்தான் அதைப் பிடித்தபோது மாற்றவில்லை, தகர்த்தார். அங்கிருந்த பெரிய தேவாலயங்களில் ஒன்றின் வாசல் மட்டும் கழற்றப்பட்டு கெய்ரோவுக்குப் போய், ஒரு சுல்தானின் மதரஸாவுக்கு வாசலாக நிற்கிறது. கூர்வளைவு கொண்ட, அசப்பில் பிரான்ஸ் தேசத்து வாசல், கெய்ரோவின் பழைய கடைத்தெருவில். தேவாலயம் இல்லை, கதவுச்சட்டம் இருக்கிறது. நாசரேத்துத் தேவாலயத்தை 1263இல் பைபர்ஸ் இடித்தார். அதன் மிக அழகிய ஐந்து தூண்தலைகள் 1908இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அவை தப்பித்தது புதைந்து கிடந்ததால். அன்னம்மாள் தேவாலயம் தப்பித்தது புழங்கப்பட்டதால். மாற்றுவதும் இடிப்பதும் ஒன்றே என்று பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு பள்ளி நசிந்தது. ஒட்டோமான் காலத்தில் கட்டடம் கைவிடப்பட்டு, குப்பை மேடேறி, ஒரு கட்டத்தில் ராணுவத்தின் குதிரை லாயமானது. இங்கே முதல் நண்பர் கொதிப்பார். 'சாணி!' ஆமாம், சாணி. ஆனால் அந்த நாட்களிலும் தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் குகைக்கு, மரியாள் பிறந்த இடம் என்று நம்பப்படும் குகைக்கு, கிறிஸ்தவர்கள் காவலர் கையில் காசு வைத்துவிட்டு இறங்கிப் போய்க் கும்பிட்டார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் விசேஷ நாட்களில் அங்கே பூசை வைத்தார்கள். மேலே ஒருவருக்குச் சொந்தம், கீழே இன்னொருவருக்குப் பக்தி, நடுவில் லஞ்சம். மூன்றாவது நண்பர் இதைத்தான் சமய நல்லிணக்கம் என்கிறார் போல. அந்தச் சொல்லில் காவலனின் நீட்டிய கை தெரிவதில்லை.

'உரியவர்களிடம் திரும்பியது' எப்படி? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிரிமியப் போரில் பிரான்சும் பிரிட்டனும் ரஷ்யாவுக்கு எதிராக ஒட்டோமான் பேரரசின் பக்கம் நின்றன. போர் முடிந்த 1856இல் சுல்தான் அப்துல்மஜீத் நன்றிக்கடனாக இந்த இடத்தை பிரான்சின் மூன்றாம் நெப்போலியனுக்குக் கொடுத்தார். வெளியேறிய கன்னியர்களின் சபைக்குத் தரவில்லை. ஜெருசலேமின் அரபுக் கிறிஸ்தவர்களுக்கும் தரவில்லை. கிரேக்கத் திருச்சபைக்கும் இல்லை. ஒரு பேரரசர் இன்னொரு பேரரசருக்குக் கொடுத்த பரிசு. இதை 'நீதி' என்று வாசிக்க, வரலாற்றை வலது கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் மோஸ் என்ற கட்டடக்கலைஞரை அனுப்பினார்கள். 1860களில் தொடங்கி 1877 வரை வேலை. நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. அவர் வந்திராவிட்டால் ஆண்ட்டி பாடியிருக்க முடியாது. ஆனால் நாம் இன்று 'அப்பழுக்கில்லாத இடைக்காலம்' என்று வாய்பிளந்து பார்க்கும் அந்த வெறுமை, அந்தச் சுத்தமான கல், 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பின் வழியாக நமக்கு வந்தது. இடைக்காலத் தேவாலயம் என்றால் வெறும் கல் என்பது நாம் பழகிக்கொண்ட ரசனை. ஜெருசலேமிலிருந்து சற்றுத் தள்ளி அபு கோஷ் என்ற ஊரில் அதே நூற்றாண்டுச் சிலுவைப்போர்த் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் ஓவியங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. அன்னம்மாள் தேவாலயத்தின் பலிபீடமோ 20ஆம் நூற்றாண்டு வேலை. அசல் எங்கே என்று தேடுகிறவருக்கு நான் என்ன காட்டுவது?

ஒரு முறை பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தேன். முதலாளிக்கு 'ஒரிஜினல் கலர்' வேண்டும். சுரண்டினோம். நீலத்துக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு. எது பாஸ் ஒரிஜினல் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எது நல்லா இருக்கோ அது' என்றார். வரலாற்றில் அசல் தேடுகிறவர்களில் நான் பார்த்த ஒரே நேர்மையான மனிதர்.

1878இல் வெள்ளைத் தந்தையர் சபை இங்கே குடியேறியது. அல்ஜீரியாவில் தொடங்கிய பிரெஞ்சுச் சபை. அவர்கள் நடத்தியது லத்தீன் குருமடம்கூட இல்லை. அரபு பேசும் கிரேக்கக் கத்தோலிக்கர்களுக்கான குருமடம். முதல் உலகப் போர் வந்ததும் பிரான்ஸ் எதிரி நாடானது. ஒட்டோமான்கள் இடத்தை எடுத்து, 1915இல் மறுபடி இஸ்லாமியக் கல்லூரி தொடங்கினார்கள். பெயர் சலாஹிய்யா, அதே சலாவுதீன் பெயர். இரண்டாவது நண்பரே, நீங்கள் விரும்பிய 'திரும்புதலும்' நடந்திருக்கிறது, பாருங்கள். சில ஆண்டுகள்தான். 1917 கடைசியில் பிரிட்டிஷ் படை வந்தது, சபையினர் திரும்பி வந்தார்கள். 1967 ஜூனில் இஸ்ரேலியப் படை பக்கத்துச் சிங்க வாசல் வழியாகத்தான் பழைய நகரத்துக்குள் நுழைந்தது.

இன்றைக்கும் தன் சொத்து என்று பிரான்ஸ் சொல்கிறது. சும்மா சொல்வதில்லை. 1996இல் ஜனாதிபதி சிராக், இஸ்ரேலியச் சிப்பாய்கள் உள்ளே இருக்கும்வரை நான் நுழைய மாட்டேன் என்று வாசலில் நின்றார். 2020 ஜனவரியில் மக்ரோன் அதே வாசலில் இஸ்ரேலியப் பாதுகாவலரைப் பார்த்துக் கத்தினார். உலகம் பூராவும் அந்த வீடியோ ஓடியது. மதத்தையும் அரசையும் பிரித்து 1905இல் சட்டம் போட்ட நாடு, ஒட்டோமான் சுல்தான் கொடுத்த தேவாலயத்தின் வாசலில் இறையாண்மைக்காக மல்லுக்கு நிற்கிறது. சிரிப்பு வந்தாலும் ஒன்றைக் கவனிக்கிறேன்: இப்போது அங்கே கூரைமேல் ஏறிச் செடி பிடுங்க ஆள் இருக்கிறது.

நான் சொல்வது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றா? இல்லை. ஆயா சோபியாவை 2020இல் மறுபடி பள்ளிவாசல் ஆக்கியபோது எனக்குக் கோபம் வந்தது. தொழுகைக்காக இல்லை. முதல் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்கு மேடையில் வாள் பிடித்து ஏறினார்களே, அதற்காக. மக்கள் இடம் போதாமல் ஒரு கட்டடத்தைத் தேடி வந்து உபயோகிப்பது வேறு. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வெற்றியை மறுபடி நடித்துக்காட்ட ஒரு கட்டடத்தை எடுப்பது வேறு. இரண்டாவதற்குத்தான் 'முதலில் யாருடையது' என்ற கேள்வி தேவைப்படுகிறது. கூரை ஒழுகுகிறவனுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை.

அந்தக் கேள்வி கட்டடத்தை என்ன செய்யும் என்பதற்குக் காசா. காசா நகரத்தின் பெரிய பள்ளிவாசல், உமரி பள்ளிவாசல், 12ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலுவைப்போர்க்காரர்கள் கட்டிய தேவாலயத்தின் உடலில் உயிர்வாழ்ந்தது. கூர்வளைவு வைத்த மேற்கு வாசல், நீள நடுக்கூடம் எல்லாம் அந்தக் காலத்தது. மம்லூக்குகள் விரித்தார்கள். 1917இல் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் பெரும்பகுதி இடிந்தது, 1920களில் திரும்ப எழுப்பினார்கள். அதன் ஒரு தூண் எங்கிருந்தோ எடுத்துவந்த பழைய தூண். அதில் யூதர்களின் ஏழுகிளை விளக்கும் கிரேக்க, எபிரேய எழுத்துக்களும் செதுக்கப்பட்டிருந்தன. தேவாலயம் கட்டியவர்கள் அதை விட்டுவைத்தார்கள். பள்ளிவாசலாக்கியவர்களும் பல நூற்றாண்டுகள் விட்டுவைத்தார்கள். 1980களின் கடைசிக்குப் பிறகு, அதாவது நம் காலத்தில், அந்த விளக்கு உளியால் அழிக்கப்பட்டது. ஏனென்றால் நம் காலத்தில்தான் ஒரு தூணில் இருக்கும் விளக்கு வெறும் விளக்கு இல்லை, பத்திரம். 'நாங்கள்தான் முதலில்' என்று நாளைக்கு யாராவது அதைக் காட்டிவிடுவார்கள் என்ற பயம் உளி எடுக்க வைக்கிறது. சலாவுதீனின் ஆட்களுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

2023 டிசம்பரில் இஸ்ரேலியக் குண்டு விழுந்தது. பள்ளிவாசல் சிதைந்தது, மினாரா பாதியாக நின்றது. விழுந்தது ஒரு பள்ளிவாசல் என்றுதான் நாம் எல்லாரும் பகிர்ந்தோம். விழுந்ததில் சிலுவைப்போர்க் கொத்தனார் அடுக்கிய கல்லும் இருந்தது, யூத விளக்கு இருந்த தூணும் இருந்தது, மம்லூக் கொத்தனாரின் கையும் இருந்தது. குண்டு எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் தொழுதுகொண்டிருந்த, பெருக்கிக்கொண்டிருந்த, கூரையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மனிதர்களையும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் குழுவில் அன்றைக்கும் ஒருவர் 'அது முதலில் சர்ச்தானே' என்று எழுதினார். நான் அப்போது பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: ஆமாம் நண்பரே, அது முதலில் சர்ச்தான். உங்கள் சர்ச்தான் அங்கே விழுந்தது. அதை எண்ணூறு வருஷம் பெருக்கித் துடைத்து உங்களுக்காக வைத்திருந்தவர்கள்மேல்தான் விழுந்தது.

கவிதை எழுதும் மூன்றாவது நண்பருக்கு ஒரே ஒரு வார்த்தை. கற்கள் பேசாது. ஜெருசலேம் தேவாலயத்தில் பேசுவது எழுத்து. பிரதான வாசலுக்கு நேர்மேலே, சலாவுதீன் இதை ஷாஃபி வழி அறிஞர்களுக்காக வக்ஃபு செய்தார் என்று சொல்லும் ஹிஜ்ரி 588ஆம் ஆண்டின் அரபுக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. மோஸ் அதைப் பெயர்த்திருக்கலாம். வெள்ளைத் தந்தையர் சாந்து பூசி மறைத்திருக்கலாம். யாரும் செய்யவில்லை. கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் சலாவுதீனின் பெயருக்குக் கீழே குனிந்து போகிறார்கள். நல்லிணக்கம் என்ற நான்கு ரூபாய் வார்த்தையை வைத்து இந்த விசித்திரத்தை மூடாதீர்கள். இதில் தோற்றவர்கள் இருக்கிறார்கள், துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

போன ஞாயிறு ஆண்ட்டியிடம் வீடியோவின் கடைசிப் பகுதியைத் திரும்பக் காட்டினேன். பாட்டு முடிந்து எல்லாரும் வெளியே வருகிறார்கள், கேமரா ஒரு கணம் வாசலுக்கு மேலே போகிறது.

'இதுல என்னமோ எழுதியிருக்கே தம்பி, நான் பார்க்கவேயில்ல.'

சொன்னேன். ஸ்கூல், சலாவுதீன், குதிரை, சுல்தான், எல்லாம். அவர் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

'குதிரை கட்டுன எடத்த யாரு கழுவுனாங்களாம்?'

எந்தப் புத்தகத்திலும் நான் அந்தப் பெயர்களைப் பார்த்ததில்லை.